எந்த டாரன்டுலா இது? ஒன்றுபோல் இருக்கும் இனங்களைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ டாரன்டுலா என்ற முடி அடர்ந்த பெரிய சிலந்தியை வளர்க்கும் ஒருவரிடம் "இது என்ன இனம்?" என்று கேட்டால், பெரும்பாலும் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துத்தான் சொல்வார். அந்தச் சீட்டை எழுதியவர் விற்றவர். அவருக்குச் சொன்னவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் இன்னொரு விற்பனையாளர். பெட்டி கைமாறக் கைமாறப் பெயரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் "ரெட் நீ", "ப்ளூ", "பிளாக்" என்று நிறத்தின் பெயர் மட்டும் மிஞ்சும்.

நிறம்தான் டாரன்டுலாவில் நம்பக்கூடாத முதல் விஷயம். அதனால் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்காக, நிறத்தைத் தாண்டி எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்று எழுதுகிறேன். பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. நிறையவே ஆகும். சிலதின் கடி குளவி கொட்டியது மாதிரி வலித்துவிட்டு அடங்கிவிடும். சிலது கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விட்டு விட்டு வரும். சிலதைக் காய்ந்த மண்ணில் வைக்கலாம், சிலது அதில் செத்துப்போகும். சிலதைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் சட்டச் சிக்கல். இவை எல்லாமே பெயரில்தான் ஆரம்பிக்கின்றன.

முதல் படி: டாரன்டுலாதானா என்று பாருங்கள்

நம் ஊர் வீட்டுச் சுவரில், குறிப்பாக ஓட்டு வீட்டிலும் தோட்டத்துச் சாளையிலும், கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி தட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வயிற்றுக்கு அடியில் வட்டமாக, வெள்ளையாக முட்டைப்பையைத் தூக்கிக்கொண்டும் திரியும். அதைப் படம் எடுத்து அனுப்பி "டாரன்டுலாங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அது நண்டு மாதிரி கால்களைப் பக்கவாட்டில் விரித்து வைத்திருக்கும் வேறு குடும்பம். கரப்பான் பூச்சியைத் தின்றுகொண்டு வீட்டோடு இருக்கும். விளக்குமாற்றை எடுக்க வேண்டியதில்லை.

வித்தியாசம் இரண்டு இடத்தில் தெரியும். டாரன்டுலாவின் நச்சுப்பற்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், மேலிருந்து கீழாக இறங்கும். சுவரில் பார்க்கிற சிலந்திக்கு அவை இடுக்கி மாதிரி எதிரெதிராகச் சேரும். இரண்டாவது, வயிற்றின் அடிப்பக்கம். டாரன்டுலாவுக்கு அங்கே சுவாசத்துக்கான புத்தக நுரையீரல் இரண்டு சோடி உண்டு. நான்கு வெளிறிய திட்டுகளாகத் தெரியும். மற்ற பெரும்பாலான சிலந்திகளுக்கு ஒரு சோடிதான். இந்த நான்கு திட்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிலந்தி உரித்துப்போடும் தோலை, அதாவது சட்டையை, பார்க்கும்போது தேவைப்படும்.

இரண்டாம் படி: சரியான படம் எடுங்கள்

இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். மேலிருந்து ஒரு படம், அதுவும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில். அதை வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்களுக்கு வேண்டியது கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு மெல்லிய பெயின்ட் பிரஷ், ஒரு அடிஸ்கேல், ஜன்னலோர வெளிச்சம். காலை ஒன்பது, பத்து மணி வெளிச்சம் நல்லது. வெயில் நேரடியாக விழக்கூடாது. சின்ன டப்பாவுக்குள் சூடு சீக்கிரம் ஏறிவிடும், கரூர், ஈரோடு பக்கம் சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம்.

சிலந்தியைக் கையால் தொடாதீர்கள். டப்பாவை அதன் முன்னால் வைத்து, பின்னங்காலை பிரஷ்ஷால் லேசாகத் தொட்டால் தானே உள்ளே நடந்து போகும். மூடியைப் போட்டு நகர்த்தாமல் சற்று விட்டுவிடுங்கள். மரத்தில் வாழும் வகையாக இருந்தால் பக்கச் சுவரில் ஏறி நிற்கும். அப்போது வெளியிலிருந்து அடிப்பக்கம் முழுதாகத் தெரியும். தரையில் வாழும் வகை பெரும்பாலும் ஏறாது; டப்பாவை உயரத்தில் பிடித்துக் கீழிருந்து எடுக்க வேண்டும். அடியைப் பார்ப்பதற்காகச் சிலந்தியைப் புரட்டிப்போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். வயிற்றுத் தோல் மெல்லிசு, ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலே கிழிந்துவிடும்.

எடுக்க வேண்டியவை: மேலிருந்து முழு உடம்பு, அடிப்பக்கம் முழுதும், நேர் முன்னாலிருந்து முகமும் தாடையும், ஒரு காலை மட்டும் அருகில். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒன்று. கேமராவில் ஃபில்டர் எதுவும் போடாதீர்கள். இன்ஸ்டாகிராமில் நீலமாக மின்னும் சிலந்திகளில் பாதி எடிட்டிங்கில்தான் நீலம்.

காலின் பகுதிகளை நான் இப்படிச் சொல்லப்போகிறேன். உடம்பை ஒட்டியிருக்கும் சின்னக் கணுக்களை விட்டுவிட்டால் முதலில் தொடை, அப்புறம் முட்டி, அப்புறம் கீழ்க்கால், அதற்கு அடுத்த கணு, நுனியில் பாதம். "முட்டி சிவப்பா, கீழ்க்கால் சிவப்பா?" என்பதில்தான் பல இனங்கள் பிரிகின்றன.

மூன்றாம் படி: பெரிய பிரிவு எது?

இனத்தைத் தேடும் முன் பிரிவைப் பிடியுங்கள். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் அரிப்பு முடி உண்டு. பயந்தால் பின்னங்காலால் அதைத் தேய்த்து உதறிவிடும். உதறிய இடம் வழுக்கையாகத் தெரியும். வயிற்றில் வழுக்கைத் திட்டு இருந்தால் அது அமெரிக்க வகை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆசிய, ஆப்பிரிக்க வகைகளுக்கு இந்த முடி கிடையாது. அதனால் அவை ஓடும், இல்லையென்றால் கடிக்கும். கடையில் "சாதுவானதுங்க" என்று சொல்லித் தந்த ஒன்றின் வயிற்றில் வழுக்கையும் இல்லை, அது மின்னல் மாதிரி ஓடவும் செய்கிறது என்றால் பெயர்ச்சீட்டைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் பாதத்தைப் பாருங்கள். மரவாசிக்குப் பாதம் அகலமாக, பஞ்சு ஒட்டியது போல இருக்கும், உடம்பு ஒல்லி. தரைவாசி குண்டாக இருக்கும், பாதம் குறுகல்.

நான்காம் படி: வயதும் உரிப்பும்

காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஆறு மாதத்தில் சாம்பலாகும். அது தெரியாதவன் சந்தையில் கன்றைப் பார்த்து "இது காங்கேயமே இல்லை" என்பான். டாரன்டுலாக் குட்டியிலும் இதே கதைதான்.

பிங்க் டோ என்று விற்கப்படும் அவிகுலேரியாவின் குட்டிக்குக் கால் வெளிர் இளஞ்சிவப்பு, பாதம் கறுப்பு. வளர்ந்ததும் அப்படியே தலைகீழ்: உடம்பும் காலும் கறுப்பு, பாத நுனி மட்டும் இளஞ்சிவப்பு. மார்டினிக் தீவைச் சேர்ந்த கரிபெனா வெர்சிகலர் குட்டியாக இருக்கையில் முழு நீலம். வளர்ந்தால் முதுகு பச்சை, வயிறு சிவப்பு, கால் ஊதா கலந்தது. ஒரே பிராணியின் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு இனம் என்று சத்தியம் செய்வீர்கள்.

வளர்ந்ததிலும் நிறம் நிலையாக இருக்காது. சட்டை உரிக்கும் நாள் நெருங்க நெருங்க நிறம் மங்கிப் பழுப்படிக்கும். வழுக்கைத் திட்டு கறுத்துப் பளபளக்கும். உரித்த பிறகுதான் உண்மையான நிறம் வரும். ஆகவே அடையாளம் காண நல்ல நேரம் உரித்து ஒன்றிரண்டு வாரம் கழித்து. உரித்த அன்றே பெட்டியைத் திறந்து நோண்டாதீர்கள். அப்போது பல்கூட மெத்தென்று வெள்ளையாக இருக்கும், உடம்பு இறுகியிருக்காது.

விரல் நகம் அளவுக்கு இருக்கும் குட்டியை (கடைக்காரர்கள் ஸ்லிங் என்பார்கள்) பார்த்து இனம் சொல்கிறேன் என்பவரிடம் வாதாட வேண்டாம், வாங்கவும் வேண்டாம். அந்த அளவில் தாய் தந்தையின் படம்தான் ஒரே ஆதாரம்.

ரெட் நீ: ஒரு சீட்டுக்குள் பல இனம்

கொங்கு நாட்டில் புதிதாக வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது மெக்சிகன் ரெட் நீதான். கறுப்புக் காலில் ஆரஞ்சு முட்டி. மெதுவாக நடக்கும், பெண் இருபது வருடத்துக்கு மேலும் வாழும். அதனால் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் இரண்டு இனம் ஒளிந்திருக்கிறது: பிராக்கிபெல்மா ஹமோரி, பிராக்கிபெல்மா ஸ்மித்தி.

பல வருடமாக உலகம் முழுக்க எல்லாரும் "ஸ்மித்தி" என்று வளர்த்தது உண்மையில் பெரும்பாலும் ஹமோரி. 2017-ல் மென்டோசா, ஃபிராங்கே என்ற இருவர் மெக்சிகோவின் பசிபிக் கரையோர இனங்களை மறு ஆய்வு செய்தபோதுதான் இது தெளிவானது. அதுவரை "அனித்தா" என்று தனி இனமாக விற்கப்பட்டதுதான் அசல் ஸ்மித்தி என்றும் அப்போதுதான் முடிவானது. ஹமோரி கொலிமா, ஹலிஸ்கோ, மிச்சோவகான் மாநிலங்களைச் சேர்ந்தது. ஸ்மித்தி அதற்குத் தெற்கே குவெரெரோ பக்கம். ஆகவே யாராவது பழைய புத்தகத்தைக் காட்டி "ஸ்மித்திதாங்க" என்றால், அவர் பொய் சொல்லவில்லை, அவர் புத்தகம் பழையது.

கண்ணால் பிரிக்க முடியுமா? ஓரளவு. நேர் முன்னாலிருந்து தாடையைப் பாருங்கள். சாம்பல் நிறத் தாடையில் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பாக இரண்டு பட்டை குறுக்கே ஓடினால் ஹமோரி என்று சாயலாம். ஆனால் எல்லா ஹமோரிக்கும் அது தெளிவாக இருக்காது. முதுகு ஓட்டின் நிறத்தை வைத்துச் சொல்வது இரண்டு இனத்திலும் மாறி மாறி வருவதால் செல்லாது. பட்டை தெரியாவிட்டால், எங்கிருந்து வந்த வம்சம் என்ற எழுத்துப்பூர்வமான விவரமும், பெண்ணாக இருந்தால் உரித்த சட்டையின் உள் உறுப்பும்தான் வழி.

மற்ற அண்ணன் தம்பிகளைப் பிரிப்பது சுலபம். முதுகு ஓடு ஆரஞ்சாக இருந்து, கண் இருக்கும் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒரு கறுப்பு முக்கோணம் இறங்கினால் பிராக்கிபெல்மா எமிலியா. அந்த முக்கோணத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. முட்டி மட்டுமில்லாமல் அதற்குக் கீழும் கால் தொடர்ச்சியாக நெருப்பு ஆரஞ்சாக ஓடி, தொடையும் பாதமும் மட்டும் கறுப்பு என்றால் போமி, கடைப்பெயர் ஃபயர் லெக். உடம்பு இருட்டாக, முட்டியில் தீச்சுடர் வடிவில் ஒரு குறி மட்டும் இருந்தால் அவுரேட்டம்.

மரத்து அழகிகள்: நம் பக்கத்துச் சொந்தங்கள்

பெசிலோதீரியா என்ற பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. வளர்ப்பவர்கள் சுருக்கமாகப் "போக்கி" என்பார்கள். இதில் ஃபார்மோசா என்ற இனத்தை 1899-ல் போக்காக் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் சேலம் பக்கத்திலிருந்து கிடைத்ததை வைத்து விவரித்தார். வெளிநாட்டுப் பட்டியல்களில் இன்றும் அதன் பெயர் "சேலம் ஆர்னமெண்டல்". நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய சிலந்தியை ஜெர்மன்காரர் வளர்க்கிறார், நமக்குப் பக்கத்து மரத்தில் இருப்பதே தெரியாது.

மேலிருந்து பார்த்தால் ரெகாலிஸ், ஸ்ட்ரையேட்டா, ஃபார்மோசா எல்லாமே சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் கலந்த மரப்பட்டை நிறம்தான், வயிற்றின் நடுவே இலை மாதிரி ஒரு வெளிர் கோலம். பட்டையில் தட்டையாக ஒட்டி நின்றால் கண்ணுக்கே தெரியாது. குட்டு வெளிப்படுவது அடியில்தான்.

டப்பாவின் சுவரில் ஏறி நிற்கும் வளர்ந்த ரெகாலிஸ் ஒன்றை வெளியிலிருந்து பாருங்கள். முன்னங்கால்களின் அடிப்பக்கம் பளீரென்று எலுமிச்சை மஞ்சள். அந்த மஞ்சளைக் கறுப்புப் பட்டைகள் வெட்டுகின்றன. பயமுறுத்தக் காலைத் தூக்கும்போது எதிரி பார்ப்பது இதைத்தான். அங்கிருந்து கண்ணை வயிற்றுக்குக் கொண்டு வாருங்கள். கறுத்த வயிற்றில், முன் சோடி நுரையீரல் திட்டு இருக்கும் பக்கம், குறுக்கே இளஞ்சிவப்பு கலந்த பாலாடை நிறத்தில் அகலமாக ஒரு பட்டை. அது இருந்தால் ரெகாலிஸ். காலடியில் மஞ்சள் இருந்து, வயிற்றில் அந்தப் பட்டை இல்லாமல் ஒரே கருமையாக இருந்தால் ஸ்ட்ரையேட்டா பக்கம் போங்கள். இந்த ஒரு பட்டைக்காகத்தான் அடிப்பக்கப் படத்தை அவ்வளவு வற்புறுத்தினேன்.

ஃபார்மோசாவைப் பிரிப்பது இவ்வளவு எளிதல்ல. ஒவ்வொரு கால் கணுவின் அடியிலும் கறுப்பும் மஞ்சளும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று ஒப்பிட வேண்டும். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து "ஃபார்மோசாதான்" என்று அடித்துச் சொல்பவரை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள்.

மெட்டாலிகாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, உடம்பெல்லாம் நீலம், வெள்ளைக் கோலம். இதையும் 1899-ல் போக்காக்தான் விவரித்தார். ஆந்திராவின் குத்தி என்ற ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது. அப்புறம் நூறு வருடம் யார் கண்ணிலும் படாமல், 2001-ல் நந்தியால், கித்தலூர் இடையிலான காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். பட்டியலில் மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம். குட்டியில் மட்டும் நீலம் சரியாக ஏறியிருக்காது, அங்கேதான் ஏமாற்று நடக்கும்.

போக்கி எதுவும் புதியவருக்கு உகந்ததில்லை என்பது என் கருத்து. கண்ணிமைக்கும் நேரத்தில் கை வழியாகத் தோள் வரை ஏறிவிடும். கடித்தால் வலியோடு தசைப்பிடிப்பும் வரும், சிலருக்கு அது பல நாள் விட்டு விட்டுத் தொடரும். பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து இதற்கு வேலை செய்யாது. கடிபட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். பெட்டியில் இருந்த படத்தையும் பெயரையும் காட்டுங்கள்.

பெரியதும் கறுப்பும் நீலமும்

"உலகத்திலேயே பெரிய சிலந்திங்க" என்று ஒன்று வரும். அது தெரபோசா. மூன்று இனம்: ப்ளாண்டி, ஸ்டெர்மி, அபோஃபைசிஸ். 2010-ல்தான் ஸ்டெர்மி தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதற்கு முன் கயானாவிலிருந்து வந்த அத்தனையும் ப்ளாண்டி என்றே விலை போனது. இன்றும் ப்ளாண்டிக்கு விலை கூடுதல் என்பதால் ஸ்டெர்மியை அந்தப் பெயரில் தள்ளிவிடுகிறார்கள். முட்டியைப் பாருங்கள். நீளமான முடி அடர்ந்திருந்தால் ப்ளாண்டி, முட்டி மழித்தது போல இருந்தால் ஸ்டெர்மி. சிலந்தியைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, உரித்த சட்டையிலேயே தெரியும். வளர்ந்த ஆணுக்கு முன் கீழ்க்காலில் கொக்கி இருந்தால் அபோஃபைசிஸ், மற்ற இரண்டின் ஆணுக்கும் கொக்கி கிடையாது. இவற்றின் அரிப்பு முடி மிக மோசமானது. பெட்டியைத் திறக்கும்போது முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போடுங்கள். மழைக்காட்டு ஈரம் கேட்கும் பிராணி, திருப்பூர் காற்றில் அந்த ஈரத்தை நிறுத்துவது தனி வேலை.

கறுப்பில் இரண்டு குழப்பம். பிரேசிலியன் பிளாக் என்ற கிராமோஸ்டோலா புல்க்ரா கரி மாதிரி மெத்தென்ற கறுப்பு. அதே கறுப்பில், உருகுவேயிலும் தென் பிரேசிலிலும் இருக்கும் குய்ரோகாய் 2016-ல் தனி இனமானது. இவற்றை வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாது; இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். வளர்ப்பு முறை ஒன்றுதான், ஆகையால் இனச்சேர்க்கை செய்யப்போவதில்லை என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று ட்லில்டோகாட்ல் பேரினம், 2020-ல் பிராக்கிபெல்மாவிலிருந்து பிரிக்கப்பட்டது. வேகன்ஸ் கறுப்பு, வயிற்றில் நேரான சிவப்பு முடி. அல்போபிலோசஸுக்கு உடம்பெல்லாம் சுருண்ட வெண்கல நிற முடி. கர்லி ஹேர் என்று மலிவாகக் கிடைக்கும், புதியவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

நீலத்தை மூன்று வரியில் முடிக்கலாம். வளர்ந்த பிறகும் உடம்பெல்லாம் நீலமாக, மரத்தில் ஏறினால் மெட்டாலிகா. கால் கரு நீலமாக இருந்து மண்ணுக்குள் ஆழக் குழி தோண்டி வெளியே முகமே காட்டாவிட்டால் சிரியோபேகோபஸ் லிவிடஸ், கடைப்பெயர் கோபால்ட் ப்ளூ, தாய்லாந்து, மியான்மர் பக்கம், கோபக்காரன். கால் நீலம், முதுகு பச்சை, வயிறு ஆரஞ்சு, பெட்டி முழுக்க வலை என்றால் வெனிசுவேலாவின் க்ரோமாட்டோபெல்மா, ஜி.பி.பி. (கிரீன் பாட்டில் ப்ளூ) என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: உரித்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

உயிரோடு இருக்கும் சிலந்தியில் பார்க்க முடியாததையெல்லாம் சட்டையில் பார்க்கலாம். காய்ந்த சட்டை அப்பளம் மாதிரி நொறுங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, அதில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். மெத்தென்று ஆனதும் கண்ணாடித் துண்டில் எடுத்து, சுருங்கிக் கிடக்கும் வயிற்றுப் பகுதியை இரண்டு பிரஷ்ஷால் மெதுவாக விரியுங்கள். உள்பக்கம் மேலே வரட்டும். முதலில் சொன்ன நான்கு நுரையீரல் திட்டும் வெள்ளையாகத் தெரியும். முன்னால் இருக்கும் சோடிக்கு நடுவே பாருங்கள். அங்கே தனியாக ஒரு மடிப்பு, பை மாதிரியோ இரண்டு குமிழ் மாதிரியோ எழுந்து நின்றால் பெண். ஒன்றுமில்லாமல் தட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஆண். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும்.

அந்தப் பையின் வடிவம்தான் பல இனங்களுக்கு அடையாளம். ஆராய்ச்சியாளர்கள் கேட்பதும் அதன் படத்தைத்தான். விரித்த சட்டையைக் காயவைத்து, தேதி எழுதிய தபால் உறையில் போட்டு வையுங்கள். எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: விற்பவரிடம் பேசுங்கள்

கொங்குப் பக்கத்தில் மாடு வாங்கப் போனால் சுழி, பல், திமில் எல்லாம் பார்த்துத்தான் துண்டுக்குள் கைவைப்போம். இங்கே மட்டும் ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஜிபே போட்டுவிடுகிறோம். பேச்சு இப்படி இருக்கட்டும்:

"ஏனுங் தம்பி, இதோட அப்பன் ஆத்தா போட்டோ இருக்குதுங்ளா?"

"ஒரிஜினல் ரெட் நீதானுங்ண்ணா, நம்பி வாங்கலாம்."

"நம்பறனுங். ஹமோரியா ஸ்மித்தியா, யாருகிட்ட இருந்து வந்துச்சு, எப்ப பொறிச்சுது? அதையும் எழுதிக் குடுத்துருங்."

இதற்கு முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள். "தெரியலைங்ண்ணா, வாங்கின இடத்துல கேட்டுச் சொல்றன்" என்பவர் பரவாயில்லை. மூன்று நிமிடத்தில் எந்தக் கேள்விக்கும் தயங்காமல் பதில் வருகிறதென்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். படத்தைக் கேட்டால் அவர் அனுப்பும் படம் இணையத்தில் எடுத்ததா என்று கூகுள் லென்ஸில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஏழாம் படி: சீட்டை நீங்களே எழுதுங்கள்

பெட்டியில் பழைய சீட்டைக் கிழிக்காதீர்கள், அதற்குக் கீழே உங்கள் சீட்டை ஒட்டுங்கள். வாங்கும்போது சொன்ன பெயர், நீங்கள் பார்த்து முடிவு செய்த பெயர், எதை வைத்து முடிவு செய்தீர்கள், வாங்கிய தேதி, கடைசி உரிப்பு. உறுதி இல்லையென்றால் "பிராக்கிபெல்மா, ஹமோரி அல்லது ஸ்மித்தி" என்றே எழுதுங்கள். அரைகுறைப் பெயரை விட அது மேல்.

பெயர் உறுதியாகாத சிலந்தியை இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள். நெருங்கிய இனங்கள் கலந்து குட்டி போட்டால், நூற்றுக்கணக்கான கலப்புக் குட்டிகள் தப்பான பெயரில் ஊர் ஊராகப் போகும். கர்லி ஹேரின் வளர்ப்பு வம்சத்திலேயே கலப்பு இருக்கிறது என்ற சந்தேகம் பல காலமாக உண்டு. நாளைக்கு உங்கள் குட்டியை வாங்குபவர் இந்தக் கட்டுரையைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

சட்டம்

சுருக்கமாகச் சொல்கிறேன். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டிஸ். ரெட் நீ 1985 முதல் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பின்னர் பிராக்கிபெல்மா முழுதும் சேர்ந்தது. பெசிலோதீரியா 2019-ல் சேர்ந்தது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் பட்டியலில் உள்ள பிராணிகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2024-ல் வந்தன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் தப்பாக இருந்தால் பதிவும் தப்பு. வாங்கும் முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் எண்ணமே வேண்டாம்.

காட்டில் பிடித்த போக்கியை யாராவது "ஏற்காட்டுச் சரக்குங்க", "ஆனைமலைச் சரக்குங்க" என்று கொடுத்தால், இலவசமாகக்கூட வாங்காதீர்கள்.

தோட்டத்தில் கண்டால்

மழைக்குப் பிறகு பழைய மரத்துப் பொந்திலோ பட்டை இடுக்கிலோ, சில நேரம் தோட்டத்து வீட்டுக் கதவிடுக்கிலோ போக்கி தென்படலாம். வீட்டுக்குள் வந்திருந்தால் அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி எடுங்கள். டப்பாவில் இருக்கும்போதே அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வயிற்றுப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அருகிலேயே பொந்துள்ள பெரிய மரத்தின் அடியில், சாயங்காலமாக விடுங்கள். தொலைவாகக் கொண்டுபோய் விட்டால் அது பிழைப்பது கஷ்டம்.

படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் இனம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். ஏற்றும்போது இருப்பிடத்தைத் துல்லியமாகக் காட்டாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள். ஊர்ப் பெயரையோ மரத்தின் பின்னணியையோ முகநூலில் போடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் பிடிப்பவர்கள் வண்டி ஏறுகிறார்கள்.